சீட்டில் விழுந்த பக்கம்

அத்தியாயம் 17

முத்துநாயகம் மாமா அந்த வீடியோவை ஒன்பது தடவை பார்த்துவிட்டார் என்று பகவதி அத்தை போனில் சொல்லியிருந்தாள். பத்தாவது தடவைக்குப் போன் போதாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நேரிலேயே வருகிறார். மகனையும் கூட்டிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை. திருவட்டாறிலிருந்து தேரூருக்குக் காரில் ஒரு மணி நேரம்தான். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்களுக்காக அபிதா எட்டு மணிக்குள் நான்கு தடவை வாசலுக்குப் போய்த் திரும்பிவிட்டாள். அவர்கள் வரவேண்டும் என்று அல்ல. வண்டி வழியில் எங்காவது நின்றுபோன செய்தி வந்துவிடாதா என்று.

வீடியோ மொத்தம் நான்கு நிமிடம். கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நடந்த விவாதம். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்வது அறிவியல்படி தவறா என்பது தலைப்பு. தவறில்லை என்று அபிதா பேசினாள். பேசி ஜெயித்தாள்.

ஆனால் ஞானதாசன் சார் தன் சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியில் எட்டுச் சீட்டுகளைச் சுருட்டிப்போட்டுக் குலுக்கியது வீடியோவில் இல்லை. ‘தவறில்லை’ என்ற சீட்டைப் பிரித்துப் பார்த்து அவள் உதட்டைப் பிதுக்கியதும் இல்லை. கடைசி பெஞ்சில் யாரோ கைதட்டல் விழுந்த பகுதியை மட்டும் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டார்கள். அது கைமாறிக் கைமாறி, ‘வேரும் விழுதும்’ என்ற குடும்பக் குழுவில் வந்து விழுந்தது.

குடும்பத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிள்ளையின் மனசில் மாமன் மகன் ஸ்ரீஜித் இருக்கிறான். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு மேடையில் சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான்.

“அம்மா, அது சீட்டுப் போட்டு எடுத்தது. எனக்கு அந்தப் பக்கம் விழுந்துது. நான் பேசினேன்.”

ராஜி அடுக்களையில் முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

“எத்தன தடவ சொல்லுவ. எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

“மாமாகிட்ட சொன்னியா?”

“சொன்னேன். எல்லாம் சீட்டுல எழுதினபடிதானே நடக்கும்னு சொல்லிட்டு போன வச்சிட்டாரு.”

“உனக்குச் சிரிப்பா இருக்கு.”

“நான் சிரிக்கலட்டி. உருண்ட உடையுது, அந்தக் கரண்டிய எடு.”

அபிதா கரண்டியை எடுத்துக் கொடுத்தாள். பிறகு அங்கே நிற்க முடியவில்லை. கூடத்துக்கு வந்தாள். மின்விசிறியை ஓடவிட்டாள். அணைத்தாள். நாற்காலி உறைகளைத் தட்டினாள். தட்டியதையே மறுபடி தட்டினாள்.

பூதலிங்கம் வயலிலிருந்து வந்தார். கிராமக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளர். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முழு விவசாயி. குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே மகளைப் பார்த்தார். அவர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மற்றவர்கள் மூன்று பேசிவிடுவார்கள். அதனால் பெரும்பாலும் பேசுவதில்லை.

“நெல்லு காரியம் நீ சொன்னது செரிதான் மக்கா,” என்றார்.

விவாதத்தில் எதிர்ப்பக்கம் பேசிய ஷாஜன், ‘என் அப்பாவே ஒரே விதையை மூணு போகத்துக்கு மேல போடமாட்டார், மனுசனுக்கு மட்டும் ஒரே விதை போதுமா’ என்று கேட்டான். வகுப்பு விசிலடித்தது. அபிதா எழுந்து, நெல் தன் பூவுக்குள்ளேயே தன் மகரந்தத்தைச் சேர்த்துக்கொள்கிற செடி, அதற்குச் சொந்தமும் அந்நியமும் இல்லை, உவமையே தப்பு என்றாள். அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

“நான் வித மாத்துகது கலப்பு கூடிப்போகும்கதுக்காக்கும். அவன் சொன்னதுக்கு இல்ல.” பூதலிங்கம் காலைத் துடைத்தார். “ஆனா அவன் சொன்னதும் கேக்க நல்லாத்தான் இருந்துது.”

“அப்பா, நீங்க மாமாகிட்ட பேசுவேளா?”

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார். அதன் நுனியைச் சரிசெய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

“பாப்போம்,” என்றார்.

அந்த ‘பாப்போம்’ எங்கே போய் நிற்கும் என்று அபிதாவுக்குத் தெரியும். எங்கேயும் நிற்காது.

மாடியறைக்கு ஏறினாள். மேசை மேல் விலங்கியல் நோட்டு கிடந்தது. அதைத் திறக்காமல் கையை மட்டும் மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிளஸ் டூ படிக்கும்போது அவளிடம் யாராவது கேட்டிருந்தால், சொந்தத்தில் கட்டக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். டியூஷன் டீச்சர் அப்படிச் சொன்னாள். போனில் ஓடிய ஒரு நிமிடப் படங்களும் அப்படிச் சொல்லின. அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை. சீட்டு விழுந்த பிறகு பதினான்கு நாள் படித்தாள். தன் பக்கத்துக்கு உதவுகிற கட்டுரையை எழுதிக்கொண்டாள். உதவாதது வந்தால் பக்கத்தைத் தள்ளினாள். பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, எப்போது என்று தெரியவில்லை, தான் பேசப்போவதைத் தானே நம்ப ஆரம்பித்திருந்தாள். மேடையில் அவள் குரல் நடுங்கவேயில்லை. இப்போது நினைத்தால் அதுதான் நடுங்க வைக்கிறது.

விவாதத்துக்கு முன்னும் பின்னும் ஞானதாசன் சார் கைதூக்கச் சொல்லி எண்ணினார். பதினாறு பேர் இவள் பக்கம் மாறியிருந்தார்கள். எதைக் கேட்டு மாறினீர்கள் என்று பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார். மறுநாள் வாசித்தார். ‘அபிதா தைரியமாகப் பேசினாள்.’ ‘பக்கத்தில் இருந்தவன் மாறினான்.’ ‘என் அம்மா அப்பாவும் அப்படித்தான் கட்டினார்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே.’ அவள் சொன்ன நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கைப் பார்த்து மாறியதாக இரண்டே பேர் எழுதியிருந்தார்கள். சார் சீட்டுகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மணி அடிக்கும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஹாரன் சத்தம்.

மாமா ஒரு குலை மட்டிப்பழத்தோடு இறங்கினார். அத்தை பட்டுப்புடவையில் இருந்தாள். சும்மா பார்க்க வருகிறவர்கள் பட்டு கட்டுவதில்லை. ஸ்ரீஜித் கடைசியாக இறங்கி, செருப்பைக் கழற்ற வேண்டியதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான். மஸ்கட்டில் ஏசி பொறியாளர். லீவில் இன்னும் மூன்று வாரம் மிச்சம்.

“வாங்க மைனி,” என்றாள் ராஜி.

“வாறேன் மைனி,” என்றாள் பகவதி.

இந்த வீட்டில் யாரும் இதைப் புதுமையாக நினைத்ததில்லை. ராஜியின் அண்ணன் முத்துநாயகம். பூதலிங்கத்தின் தங்கை பகவதி. இந்த வீட்டுப் பெண் அங்கே, அந்த வீட்டுப் பெண் இங்கே. ஒருத்திக்கு ஒருத்தி அண்ணன் மனைவி, அதனால் ஒருவருக்கொருவர் மைனி.

காப்பி முடிவதற்குள் மாமா விஷயத்துக்கு வந்துவிட்டார்.

“மக்கா, அந்த நூத்துக்கு எத்தனையோ சொன்னியே. அத ஒரு தடவ எங்க முன்னால சொல்லு.”

“மாமா, அது வகுப்புல...”

“வகுப்புல சொன்னத வீட்டுல சொன்னா மாறிப்போகுமா? சொல்லு.”

அபிதா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். சொந்தமே இல்லாதவர்களுக்குப் பிறக்கும் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்றுக்குப் பிறவிக் கோளாறு வரலாம். மாமன் மகன், அத்தை மகள் கட்டினால் நாலிலிருந்து ஆறு. வீட்டில் சொல்லும்போது அது ஒப்பித்த பாடம் மாதிரி இருந்தது.

“ஆறே வச்சுக்குவோம்,” என்றார் மாமா. “மிச்சம் தொண்ணூத்தி நாலு. நான் பத்தாங் கிளாஸ் கணக்குல நாப்பது வாங்கிப் பாஸானவனாக்கும் மாப்ள. தொண்ணூத்தி நாலெல்லாம் எனக்க பரம்பரையில எவனும் பாத்ததில்ல.”

பூதலிங்கம் சிரிக்க முயன்றார். ராஜி காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“இவனுக்கு லீவு தீருகதுக்குள்ள நிச்சயத்த முடிச்சிரலாம். அடுத்த லீவுல கல்யாணம். படிப்ப இவ மஸ்கட்ல இருந்தே படிக்கட்டும். இப்போ எல்லாம் போன்லதானே படிக்காவ.”

எம்.எஸ்ஸி., அதற்கு மேல் ஆராய்ச்சி. அபிதா அதை யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. சொல்லாதது இங்கே இல்லாததாகவே போய்விடும் என்று இப்போது தெரிந்தது. வாயைத் திறந்தாள்.

“பிள்ளைய ரெண்டு பேரும் மாடியில போய் நாலு வார்த்தை பேசட்டும்,” என்று பகவதி அதற்குள் சொல்லிவிட்டாள்.

மாடியறையில் ஒரே ஒரு நாற்காலி. ஸ்ரீஜித் உட்காரவில்லை. ஜன்னலோரம் நின்றான். வெளியே வயல், அதற்கப்பால் குளம். ஒரு நீர்க்காகம் முங்கியது. அது எங்கே எழும் என்று இரண்டு பேரும் பார்த்தார்கள். எதிர்பார்த்த இடத்தில் எழவில்லை.

“ரெண்டு வருசமா நான் வேண்டாம்னுதான் சொல்லிட்டிருந்தேன். உனக்குத் தெரியுமா?” என்றான்.

அவளுக்குத் தெரியாது.

“உன்ன பிடிக்காம இல்ல. எனக்க ரூம்ல ஒரு மலையாளிப் பையன், ஆஸ்பத்திரியில நர்ஸு. சொந்தத்துல கெட்டாதடா, பிள்ளைக்கு ஆகாதுன்னு சொன்னான். நான் அதப் பிடிச்சிக்கிட்டேன். அப்பாவுக்கும் எனக்கும் இதுல பேச்சே இல்லாம கெடந்துது.”

“பின்ன?”

“பின்ன உனக்க வீடியோ வந்துது. அவனயே கூப்பிட்டுக் காட்டினேன். இவ சொல்லுகதுல காரியம் உண்டுன்னு அவனே சொல்லிட்டான்.” கொஞ்சம் நிறுத்தினான். “நான் மனசு மாறினது உன் பேச்சக் கேட்டுத்தான் அபிதா. அப்பா சொல்லி இல்ல. அதான் உன்கிட்டயே கேக்கேன். நீ பேசினது உண்மைதானே?”

வேறு என்ன கேட்டிருந்தாலும் அவளிடம் பதில் இருந்தது. பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தால், படிக்கவேண்டும் என்று சொல்லியிருப்பாள். இவன் இதைக் கேட்கிறான்.

கீழே மாமாவின் சிரிப்பு கேட்டு ஓய்ந்தது. அவள் நோட்டின் மூலையை மடித்தாள். நிமிர்த்தினாள். மறுபடி மடித்தாள்.

“சொன்னதுல ஒண்ணும் பொய் இல்ல அத்தான்.”

“அப்போ?”

“சொல்லாம விட்டது இருக்கு.”

நோட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்த குடும்ப வரைபடம். விவாதத்துக்காக எல்லோரும் அவரவர் குடும்பத்தை வரைந்தார்கள். சதுரம் ஆண். வட்டம் பெண். கல்யாணத்துக்கு ஒரு கோடு, பிள்ளைகளுக்குக் கீழே ஒரு கோடு. அவள் வரைந்தாள். ஆனால் மேடைக்குக் கொண்டு போகவில்லை.

“இது நீங்க. இது நான்.”

“நான் என்ன, டப்பா மாதிரி இருக்கேன்?”

“ஆம்பிள எல்லாம் டப்பாதான்.”

அவன் சிரித்தான். அவளும் சிரித்திருப்பாள். நேரம் வேறாக இருந்திருந்தால்.

“நான் சொன்ன எண்ணு, ஒரு வழியில மட்டும் சொந்தமானவங்களுக்கு. நம்மளப் பாருங்க. உங்கம்மா எங்கப்பாவுக்க தங்கச்சி. எங்கம்மா உங்கப்பாவுக்க தங்கச்சி. தாத்தா ஆச்சின்னு உங்களுக்கு நாலு பேரு, எனக்கு நாலு பேரு. எண்ணிப் பாருங்க, மொத்தமே நாலு பேருதான் இருக்காங்க.”

அவன் குனிந்து விரலால் எண்ணினான். நாலு.

“அதுலயும் எங்கம்மாவுக்க அப்பாவும் எங்கப்பாவுக்க அம்மாவும் கூடப்பிறந்தவங்க.”

“அப்போ நம்ம எண்ணு எவ்வளவு?”

“தெரியாது. நான் தேடல.”

“ஏன்?”

“தேடினா எனக்க பக்கம் தோத்துப்போகும்.”

ஸ்ரீஜித் கோபப்படுவான் என்று நினைத்தாள். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வேற சீட்டு விழுந்திருந்தா?”

“வேற மாதிரி பேசியிருப்பேன். அப்பவும் ஒண்ணும் பொய் இருந்திருக்காது.”

“இது யாரு?”

அவன் விரல் அவளுடைய வட்டத்துக்குப் பக்கத்தில் இருந்த இன்னொரு வட்டத்தில் நின்றது. மிக மெல்லிசாக வரைந்தது. அதன் மேல் குறுக்காக ஒரு கோடு. பெயர் இல்லை.

அந்த வட்டத்தைப் பற்றி அவளுக்கே அதிகம் தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் அலமாரியில் ஒரு சின்ன வெள்ளி அரைஞாண் கிடைத்தது. யாருடையது என்று கேட்டபோது அம்மா அலமாரியைச் சாத்தினாள். வரைபடத்துக்காகப் போன மாதம் அப்பாவிடம் கேட்டாள். ‘உனக்கு மூத்தது ஒண்ணு இருந்துது’ என்று சொல்லிவிட்டு அவர் வயலுக்குப் போனார். சாயங்காலம் வரை வரவில்லை. அதனால்தான் அதை மேடைக்குக் கொண்டு போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அம்மாவுக்காக என்று. ஜெயிப்பதற்காக என்று ஒரு தடவை கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

“அது...” என்று ஆரம்பித்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

ராஜி முந்திரிக்கொத்துத் தட்டோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அபிதா நோட்டை மூடப் போனாள்.

“இருக்கட்டும்,” என்றாள் ராஜி.

தட்டை மேசையில் வைத்தாள். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள். சதுரங்களையும் வட்டங்களையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். ரேஷன் கார்டில் பெயர் சரிபார்ப்பவளைப் போல மேலிருந்து கீழே வந்தாள்.

“இது அப்பா. இது நான்.”

“ம்.”

“அப்போ இது அவ.” மெல்லிய வட்டத்தைத் தொடாமல் காட்டினாள். “அழகியநாயகி. பேரு வச்சாச்சு. எழுது.”

அபிதாவின் கை அசையவில்லை.

“பத்து மாசம் இருந்தா. கழுத்து நிக்கவே இல்ல. எப்பவும் கையில தாங்கிக்கிட்டே இருக்கணும்.” ராஜியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “கிரகணத்துல நான் வெளிய இறங்கினேன்னு சொன்னாவ. துணி காயப் போட்டிருந்துது. எடுக்க இறங்கினேன். இருபத்தஞ்சு வருசமா அந்தத் துணியத்தான் நினைச்சிட்டு கெடக்கேன்.”

ராஜியின் விரல் அந்த வட்டத்திலிருந்து கோட்டின் வழியே மேலே ஏறியது.

“இதுனாலயா?” என்றாள் ராஜி. இரண்டு கோடுகள் ஒன்றாகச் சேரும் இடத்தில் விரல் இருந்தது. அந்த இடத்தில் ராஜியும் பூதலிங்கமும்.

அபிதாவுக்கு ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. துணியிலிருந்து அம்மாவை விடுவித்துவிடலாம். ஆனால் அந்த ‘ஆமாம்’ பழியை அம்மாவின் கல்யாணத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடும். கைதட்டல் வாங்கிய வாய்க்கு இப்போது ஒரு வாக்கியம் சரியாக வரவில்லை.

“தெரியாதும்மா. இருக்கலாம். பரிசோதன செஞ்சாத்தான் சொல்லமுடியும். தெரியாதத தெரியும்னு நான் இனி சொல்லமாட்டேன்.”

ராஜி தலையசைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அபிதாவுக்குப் புரியவில்லை.

கீழேயிருந்து மாமாவின் குரல் ஏறி வந்தது.

“ராஜி. வியாழக்கிழமை நல்லா இருக்குன்னு மாப்ள சொல்லுகாரு. குறிச்சிரவா?”

அப்பா சொன்னாரா. அபிதா கண்ணை மூடித் திறந்தாள். சொல்லியிருக்கமாட்டார். சும்மா இருந்திருப்பார். இந்தக் குடும்பத்தில் அதுவும் சம்மதம்தான். மேடையில் பேசினாலும் சம்மதம், கூடத்தில் பேசாவிட்டாலும் சம்மதம்.

“அம்மா, எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்,” என்றாள். “எண்ணு எதுவா இருந்தாலும் இப்போ வேண்டாம். எனக்குப் படிக்கணும்.”

முதல் தடவையாகச் சத்தமாகச் சொல்லியிருந்தாள். ஸ்ரீஜித் அவளைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான்.

ராஜி மேசையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். அவள் பென்சில் பிடித்து அபிதா பார்த்ததில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து, குனிந்து, மெதுவாக ஒரு வட்டம் வரைந்தாள். கோணலாக வந்தது. தன் பெயருக்குக் கீழே அல்ல. முத்துநாயகம், பகவதி இருவருக்கும் கீழே. ஸ்ரீஜித்தின் சதுரத்துக்கு இடப்பக்கம். அதன் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டாள்.

“எனக்கு அப்போ கல்யாணம் ஆகல,” என்றாள். “நான்தான் அத இடுப்புல வச்சிட்டு நடந்தேன். ஒரு கையால கழுத்தத் தாங்கிக்கிட்டே நடக்கணும்.”

“அத்தை,” என்றான் ஸ்ரீஜித்.

“மைனிக்கு டாக்டர் ஊசிய மாத்திப் போட்டாருன்னு சொன்னாவ. அந்த வருசம் கிரகணம் ஒண்ணும் இல்ல. எனக்குக் கிரகணம்னு சொன்னாவ. எனக்கு யாரும் ஊசி போடல.” பென்சிலைக் கீழே வைத்தாள். “ரெண்டு பிள்ளைக்கும் ஒரே கழுத்து. இத்தன வருசம் நான் ஒண்ணோட ஒண்ணச் சேத்துவச்சுப் பாக்கல பாரு.”

“அத்தை, எனக்கு ஒரு அக்கா இருந்தாளா?”

படிக்கட்டில் செருப்பில்லாத கனத்த கால் ஒன்று ஏற ஆரம்பித்தது. பதில் வராததால் மாமா தானே வருகிறார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினார். “என்ன, பிள்ளைய ரெண்டும் இன்னும் பேசி முடிக்கலியா?” என்று சிரித்தார்.

அபிதாவின் கை தானாக நோட்டை மூடப் போயிற்று.

ராஜி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். நோட்டை விரித்தபடியே, படியேறி வருகிறவருக்கு நேராகப் படிக்கும்படி, வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.